பிரிக்காத பிரதிகள்

அன்புள்ள வெர்னாவுக்கு,

நீ கோபித்துக்கொண்டு போய்த் தங்கியிருக்கும் வீட்டில், உன் அக்கா இதைக் கிழிக்காமல் உன்னிடம் கொடுப்பாள் என்று நம்புகிறேன்.

நெப்ராஸ்காவில் ஹில்டா என்ற அம்மாளிடம், கடைகளுக்கு விற்க வேன் நிறையப் பழைய காமிக்ஸ் வாங்கினேன். காலமான அவர் கணவர் எதிலும் இரண்டு வாங்குவாராம். படிக்க ஒன்று, பிரிக்காமல் உறையில் வைக்க ஒன்று. உறையில் இருந்ததை எல்லாம் எனக்கு விற்றுவிட்டு, காப்பிக் கறை பட்டதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அதையெல்லாம் எந்தக் கடையிலயும் வாங்கமாட்டாங்கம்மா," என்றேன்.

"யாருப்பா விக்கப்போறா? அந்த மனுஷனும் நானும் விழுந்து விழுந்து சிரிச்சது இதுலதான். நீ வாங்கினதுல அவர் கைகூடப் படலையே!"

வழியெல்லாம் நம் சோபா ஞாபகம்தான். வீட்டுக்குப் போனதும் அதன் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துவிடுகிறேன். நீ கேட்டுக் கேட்டு அலுத்துப்போனதுதானே.

காப்பியோடு வந்து உட்கார். சிந்தினால் சிந்தட்டும்.

உன்
பிடிவாதக்காரன்