சி பிரிவின் பச்சைப் புல்

வில்லோ ஃபோர்க்,
புதன்கிழமை மாலை.

அன்புள்ள கோல்ட்டன் அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் வலது மணிக்கட்டு ஒன்றைத் தவிர. கொரியாவில் பட்டாளத்தில் இருக்கும் நீ எல்லா உறுப்புகளோடும் நலமாக இருக்க வேண்டும் என்று அப்பா எழுதச் சொல்கிறார். கடிதம் அவருடையது, கை மட்டும் என்னுடையது. அவர் சொல்வதை எல்லாம் அப்படியே எழுதினால் தபால்காரர் கையில் வாங்க மாட்டார், ஆகையால் சில சொற்களை நானே விட்டுவிட்டேன்.

நேற்று நம் மாநில செனட்டர் பிராண்ட்வோல்டின் கால்சட்டையில், இரண்டு முழங்காலிலும், பச்சை ஒட்டியிருந்ததை முதலில் பார்த்தவள் நான்தான். அவர் அதைப் புல்லின் கறை என்று நினைத்துத் தட்டிவிட்டார், போகவில்லை. எப்படிப் போகும், அது புல் இல்லையே. இதை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

நீ போனபோது அப்பா பராமரிக்கும் நம் படைவீரர் கல்லறைத் தோட்டம் எப்படி இருந்தது என்று உனக்கு நினைவிருக்கும். பன்னிரண்டு வருடம் முன்பு வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசு பணம் கொடுத்துக் கட்டியது, அந்தக் கல் வளைவு, அஸ்திச் சுவர், கொடிமரம், எல்லாம் அவர்கள் செலவு. அதற்கு நம் மாநிலம் கொடுத்தது ஒரே ஒரு கையெழுத்து. இதை என்றென்றைக்கும் நல்ல நிலையில் வைத்துக் காப்போம் என்று எழுதி அதன் கீழே போட்ட கையெழுத்து. மாநிலத் தலைநகரத்தில் என்றென்றைக்கும் என்றால் இரண்டு வருடம், அடுத்த பட்ஜெட் வரும்வரை என்று அப்பா சொல்கிறார். பராமரிப்புக்குப் பணம் திரட்ட அவர்கள் என்னதான் செய்யவில்லை. நம் தோட்டத்துக் கல்லறைகளின் படம் போட்ட வண்டி எண் பலகை ஒன்றை விற்பனைக்கு விட்டார்கள், கூடுதலாக முப்பது டாலர் கொடுத்தால் உன் வண்டியின் பின்னால் வரிசை வரிசையாகக் கல்லறை. மாநிலம் முழுவதிலும் நாற்பத்தொன்று விற்றதாம். அதில் இரண்டு அப்பா வாங்கியது, ஒன்று லாரிக்கு, ஒன்று உனக்கு, நீ திரும்பி வந்து வண்டி வாங்கும்போது மாட்டிக்கொள்ளலாம், எந்தப் பெண்ணும் ஏறமாட்டாள், செலவு மிச்சம் என்று சொல்லச் சொன்னார்.

அம்மா இருக்கும் சி பிரிவில் ஜூன் மாதம் மண்ணுக்குள் தண்ணீர்க் குழாய் வெடித்தது. வெடித்ததை நாங்கள் கண்டுபிடித்தது அப்பாவின் கால் மூலமாக, நன்றாக இருந்த தரையில் முழங்கால் வரை உள்ளே போனது, அப்போதுதான் மணிக்கட்டும் முறிந்தது. வால்வை மூடினோம். புதுக் குழாய்க்குத் தலைநகரத்துக்கு எழுதினோம், பதிலுக்கு ஒரு படிவம் வந்தது, நிரப்பி அனுப்பினோம், அந்தப் படிவத்தைப் பெற்றுக்கொண்டதற்கு இன்னொரு படிவம் வந்தது. ஜூலை முடிவதற்குள் சி பிரிவின் புல் முழுக்க வைக்கோல். மண் இறங்க இறங்கக் கற்களும் இறங்குகின்றன, அம்மாவின் கல் பக்கத்துக் கல்லைவிட நாலு விரல் தாழ்ந்துவிட்டது. அப்பா தினமும் காலையில் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று காப்பி குடிக்கிறார், எனக்கு மேல் பெர்த் போட்டு வைத்திருக்கிறாள், நான் ஏறுவதற்குள் அவளே பாதாளத்துக்குப் போய்விடுவாள் போலிருக்கிறது என்று மட்டும் ஒரு நாள் சொன்னார். அதே குழியில் அம்மாவுக்கு மேலேதான் அவருக்கு இடம், உனக்குத் தெரியும்.

இந்த நிலையில்தான் மாநிலத்தின் பட்ஜெட் குழுவிலிருந்து பிராண்ட்வோல்டும் இன்னும் இரண்டு பேரும் நேரில் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. நான்கு வருடமாக நாம் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த குழு. காய்ந்த புல்லையும் இறங்கிய கற்களையும் பார்த்தால் யாருக்கும் மனசு இளகும், வெள்ளிக்கிழமை ஓட்டெடுப்பில் குழாய்க்கும் தண்ணீருக்கும் பணம் வந்துவிடும் என்று நான் நினைத்தேன். ஆனால் பார்வையிட வருகிறார்கள் என்ற சொல் அப்பாவின் காதில் விழுந்ததும் அவர் மறுபடியும் சார்ஜென்ட் ஆகிவிட்டார். முன்னாள் படைவீரர்கள் கூடும் லீஜன் மன்றத்துக்குப் போய்ச் சொன்னார், அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்த பதினோரு கிழவர்களும் எழுந்து நின்றுவிட்டார்கள், அதில் நான்கு பேருக்கு எழுந்து நிற்பதே மருத்துவர் தடுத்த காரியம். பட்டாளத்தில் ஜெனரல் வந்தால் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். கொடிமரத்தைத் துடைத்தார்கள், பாதை ஓரத்துக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடித்தார்கள், இறங்கிய கற்களுக்கு முன்னால் பூத்தொட்டி வைத்து மறைத்தார்கள். அதோடு விட்டார்களா, டுவைன் மாமா தன் வயலுக்குக் களைமருந்து அடிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அதில் களைமருந்து இல்லை, பச்சைச் சாயம். சி பிரிவு முழுவதுக்கும் அடித்தார்கள். அவர்கள் இளவயதில் இருந்த முகாமில் ஒரு தளபதி வந்தபோது இப்படித்தான் அடித்தார்களாம், அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்றாம்.

அவர்கள் வருவது நம்மிடம் என்ன இல்லை என்று பார்க்கத்தானே என்று நான் கேட்டேன். இயந்திரத்தின் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. இயந்திரம் இல்லாவிட்டாலும் விழுந்திருக்காது, என் குரல் உனக்குத் தெரியுமே. சாயம் மேலே இரண்டு அங்குலம் வரைதான் ஒட்டியது, குனிந்து விலக்கிப் பார்த்தால் அடியில் அதே வைக்கோல். ஆனால் செனட்டர் யாராவது குனிவாரா என்று டுவைன் மாமா கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். அதுவும் நடந்தது பார், பத்திரிகைக்காரர் படம் எடுக்கிறார் என்றதும் பிராண்ட்வோல்ட் இரண்டு முழங்காலும் பட மண்டியிட்டு, ஒரு கல்லின் மேல் ஒரு சென்ட் காசு வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். காசு வைப்பது வந்து பார்த்துவிட்டுப் போனதற்கு அடையாளம், அது சரிதான். ஆனால் எழுந்ததும் அவருக்கு ஒரு யோசனை பிறந்துவிட்டது, கற்களின் மேல் இப்படிச் சேரும் காசையெல்லாம் பொறுக்கி எடுத்துப் பராமரிப்புக்குச் செலவிடலாமே என்றார். பக்கத்தில் இருந்தவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். முந்நூறு ஏக்கர் சோளமும் டிராக்டர் கடையும் வைத்திருப்பவரின் பொருளாதாரம் அது.

பிறகுதான் நான் பயந்தது நடந்தது. பிராண்ட்வோல்ட் சி பிரிவின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு அப்பாவின் தோளில் கை போட்டார். "வெர்லின், ஜூன்ல இருந்து இங்க சொட்டுத் தண்ணி இல்லேன்னு எழுதியிருந்தீங்க. தண்ணி இல்லாமலே இவ்வளவு பச்சையா வெச்சிருக்கீங்களே, அப்புறம் தண்ணிக்கு எதுக்குய்யா பணம்?"

பதினோரு கிழவர்களும் விறைப்பாக நின்றார்கள். அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "தேங்க் யூ, சார்" என்றார். இருபத்திரண்டு வருடப் பட்டாளப் பழக்கம், பாராட்டு வந்தால் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. போகும்போது பிராண்ட்வோல்ட் நல்ல செய்தியும் சொல்லிவிட்டுப் போனார். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு அழகு என்றால் பராமரிப்புத் தொகையைப் பாதியாக்கலாம் என்று வெள்ளிக்கிழமை அவரே முன்மொழியப் போகிறார். அதற்காக நம்மை மறந்துவிடவில்லை, வாஷிங்டனிடம் கேட்டு இன்னொரு பிரிவு கட்டப் போகிறார்கள், அதன் நடுவில் நீரூற்று. ஆமாம் அண்ணா, நீரூற்று. நாளை காலை பத்து மணிக்குப் பன்னிரண்டு பேர் கொண்ட முழுக் குழுவும் பளபளக்கும் மண்வெட்டிகளோடு வந்து முதல் மண் எடுக்கிறது. கட்டுவதற்குப் படம் எடுக்க வரலாம், குழாய் மாற்றுவதற்கு யார் படம் எடுப்பார்கள்? வெள்ளிக்கிழமை தொகை பாதியானால் சி பிரிவின் வால்வு இனித் திறக்காது, மண் இறங்கிக்கொண்டே இருக்கும், அம்மாவும்.

இன்று சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, டுவைனிடம் இன்னும் நாலு டப்பா சாயம் சொல்லியிருக்கிறேன், காலையில் எட்டு மணிக்கு வருகிறான், நேற்று மிதித்த இடமெல்லாம் வெளிறிவிட்டது, இன்னொரு பூச்சு கொடுத்துவிடலாம் என்றார். நான் நேற்றிலிருந்து மென்று முழுங்கிக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அப்பா, அவங்க நம்பிட்டாங்க."

அவர் உப்பை எடுத்து உருளைக்கிழங்கின் மேல் தூவினார். பிறகு, "இப்பப் போய்ச் சாயம்னு சொன்னா பதினோரு பேரும் அரசாங்கத்த ஏமாத்தினோம்னு ஆகும்மா. ஆய்வுன்னு வந்துட்டா நான் ஒரு தடவகூடத் தோத்ததில்ல" என்றார்.

"இந்தத் தடவையும் தோக்கல. அதுதாம்ப்பா கஷ்டமாயிருக்கு" என்றேன்.

அவர் இடது கையால் உருளைக்கிழங்கை நசுக்கிக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. அதன்பிறகு எழுந்து வந்து, கோல்ட்டனுக்கு எழுது என்று காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். புல் விஷயத்தை மட்டும் எழுதாதே என்றார், எழுதியிருக்கிறேன், அவர் கண்ணாடி லாரியில் இருக்கிறது. அவர் எழுதச் சொன்னது இவ்வளவுதான். காலுறையை நனைந்தபடி போடாதே, ஒரு நாளைக்கு இரண்டு முறை மாற்று, பட்டாளத்தைத் தோற்கடித்தது எதிரி இல்லை, ஈரக் காலுறைதான். எந்தக் காகிதத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, நீ ஒன்றும் மாநில அரசு இல்லை. ஊர் திரும்பியதும் முகாம் வாசலில் கார் விற்பவன் உன்னைத் தம்பி என்று கூப்பிட்டால் எதிர்ப்பக்கமாக நட. நான் பள்ளிக்கூடத்தை விட்டதைப் பற்றி நீ போன கடிதத்தில் கேட்டிருந்தாய், திரும்பிப் போகச் சொல்லி அப்பாவும் சொல்கிறார், குளிர் தொடங்கி வேலை குறையட்டும், யோசிக்கிறேன். இப்போதைக்குக் கற்களைச் சுற்றிப் புல் நறுக்குவதில் எனக்கு மிஞ்சினவர் இந்த மாவட்டத்தில் இல்லை, யாரிடமும் பேச வேண்டியதும் இல்லை. டுவைன் மாமாவின் மனைவி ருபார்ப் கேக் கொடுத்தனுப்பினார், உன் பங்கையும் அப்பாவே சாப்பிட்டார், உன் நினைவாக.

நீ எந்தக் குறையும் இல்லாமல் வேலையை முடித்து, போன காலோடும் போன கையோடும் வீடு வந்து சேர வேண்டும், கடவுள் உன் பக்கத்திலேயே நிற்கட்டும் என்று அப்பா ஆசீர்வதிக்கிறார். மறக்காமல் ஒன்று, உனக்குத் தபால் வாக்குச்சீட்டு வரும், அதைக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிடாமல் அன்றைக்கே நிரப்பி அனுப்பு. யாருக்குப் போடவேண்டும் என்று அப்பா சொல்லமாட்டாராம், பிராண்ட்வோல்டின் பெயர் மூன்றாவதாக இருக்கும் என்று மட்டும் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அப்பா வெர்லின் டோலெஃப்சன்
(அவர் சொல்ல எழுதியது, உன் தங்கை பிரின்)

வியாழன் காலை. உறையை இன்னும் ஒட்டவில்லை, அதனால் இதையும் சேர்க்கிறேன். அப்பா எழுவதற்கு முன்பே தோட்டத்துக்குப் போனேன். டுவைன் மாமா வருவதற்கு இரண்டு மணி நேரம் இருந்தது. பூத்தொட்டிகளை எல்லாம் தூக்கிக் கொட்டகையில் வைத்தேன். புல்வெட்டும் வண்டியின் பிளேடை இறங்கும் மட்டும் இறக்கி, அம்மாவின் வரிசையில் தொடங்கி, சி பிரிவு முழுவதையும் அடியில் இருக்கும் வைக்கோல் தெரிய வெட்டினேன்.