உப்புப் போடாத சூப்பு

இன்பராணிக்கு,

நான் சுகம். நீ கேட்டனுப்பவில்லை என்றாலும் எழுதுகிறேன்.

"வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனுசன், இந்த வயசுல திருச்சபை வண்டியில ஊர் ஊராப் படம் காட்டப் போயி எதத் திம்பீக?" என்று கேட்டுவிட்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போனாய். அதற்காகவே வண்டி பாட்டரியில் சூடாகும் கம்பிச் சுருள் ஒன்று வாங்கினேன். திருச்சுழியில் முருங்கைக்கீரையை ஆய்ந்து, தண்ணீரை அளந்து, முறைப்படிதான் கம்பியை இறக்கினேன். வெகுநேரமாகியும் கீரை பச்சையாகவே மிதந்தது, பாட்டரிதான் தீர்ந்துபோனது. அன்று படமும் இல்லை. ஊரே சேர்ந்து வண்டியைத் தள்ளியது.

டிரைவர் செல்வதுரைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஐயா, சூப்பு வைக்கிறேன்னு பாட்டரியக் குடிச்சிட்டீகளே! சட்டிய இங்கிட்டுக் குடுங்க" என்று பிடுங்கி, வண்டியின் முன்மூடியைத் திறந்து, சட்டியை என்ஜின்மேல் கட்டிவிட்டான். பாளையம்பட்டி வருவதற்குள் கீரை வெந்துவிட்டது. எனக்கு வந்த எரிச்சலை என்னவென்று சொல்வது!

குடித்தால் ருசியே இல்லை. உப்பு எவ்வளவு போடுவதென்று சந்தேகம் வந்து, போடாமலே விட்டிருந்தேன். இத்தனை வருஷமும் நீ போட்டுவிட்டு, "போதுமா?" என்பாய். நான் தலையாட்டுவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சமையல்.

சனிக்கிழமை வண்டி உன் அண்ணன் ஊர் மல்லாங்கிணறுக்கு வருகிறது. "அம்மாவையும் ஏத்திக்கிருவோமாய்யா?" என்று செல்வதுரை கேட்கிறான். அவனுக்கு வாய் அதிகம்.

உன் அண்ணன் வீட்டு வாசலில் வண்டி நிற்கும். என்ஜின்மேல் சட்டி இருக்கும். உப்புப் போடாமல் வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்