கடைக்கு ஒரு ட்யூப், வீட்டுக்கு ஒரு ட்யூப்

அனுப்புநர்:
ஷமா, பி.எஸ்சி. (வேதியியல்),
த/பெ. ஹாஜா மைதீன்,
பள்ளிவாசல் தெரு, ஒரத்தநாடு.

பெறுநர்:
மருந்துகள் ஆய்வாளர் அவர்கள்,
தஞ்சாவூர்.

பொருள்: பல் வெண்மையாக்கும் பசையை வெக்கையில் வைத்துக் கெடுத்து விற்ற கடைக்காரர் மீது நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தெருவில் ஃபாரின் சாமான் கடை நடத்தும் திரு. உபைதுல்லா எனக்குத் தாய்மாமன் முறை. துபாயிலிருந்து வந்த மேற்படி பசையை ஏப்ரல் மாதம் அவரிடம் வாங்கினேன். ஷார்ஜா மாப்பிள்ளை வீட்டார் ஜூனில் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. என் பற்கள் சிறு வயது முதலே மஞ்சள்.

2. குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று உறையில் ஆங்கிலத்தில் அச்சிட்டுள்ளது. அவரோ பெட்டிகளை நெற்களத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் அடுக்கியிருந்தார். கேட்டதற்கு, "இது குளிர்ச்சியான அயிட்டம்மா, இளநீ மாதிரி. வெயிலு ஒண்ணும் பண்ணாது" என்றார். நான் படித்ததை மறந்து, மாமா சொன்னதை நம்பினேன். வெட்கமாக இருக்கிறது.

3. ஆறு வாரம் தடவியும் நிறம் மாறவில்லை. பசை தண்ணீராக ஒழுகியது. முறையிட்டபோது இரண்டு மடங்கு நேரம் வைக்கச் சொன்னார். வைத்தேன். ஈறு வெந்து தோல் உரிந்தது.

4. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாயார் என்னை ஜன்னல் பக்கம் திருப்பிச் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். "பையன் பச்சரிசிப் பல்லு கேட்டான், நீங்க புழுங்கலக் காட்டுறீங்களே" என்றார். கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் பார்த்துக்கொண்டேன், வெற்றிலைக் கறை இல்லாத வாய் அதில் ஒன்றுகூட இல்லை.

5. அதே மாப்பிள்ளைக்கு ஜூலையில் மாமாவின் மகள் தஹ்மீனாவுடன் நிக்காஹ் நடந்தது. உறவாயிற்றே, போனேன். அவள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து, பாதி தீர்ந்த ட்யூப்பை என் கையில் கொடுத்தாள். "எனக்கு இனி வேணாம் ராத்தா, நீங்க வச்சுக்கங்க. அத்தா இத வெளியவே வைக்கக் கூடாதுன்னாங்க" என்றாள். அவள் வெகுளி. அதிலும் என் ட்யூப்பில் உள்ள அதே பேட்ச் எண். ஆக, குளிர்ந்த இடம் எது என்று மாமாவுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

6. இரண்டு ட்யூப்களையும் இணைத்துள்ளேன். தஹ்மீனாவுடையது ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் உள்ளது. இரண்டையும் சோதித்து, கொட்டகையில் மிச்சமுள்ள பெட்டிகளைப் பறிமுதல் செய்ய வேண்டுகிறேன். எங்கள் தெருவில் இன்னும் பெண் பார்க்க வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

விசாரணைக்கு எந்த நாளில் அழைத்தாலும் வருவேன். வாயைத் திறந்து பல்லையும் ஈறையும் காட்டுவதில் எனக்குத் தடையில்லை. சிரிக்க மட்டும் சொல்ல வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ஒரத்தநாடு
நாள்: 11.08.2003

நடந்ததை மட்டுமே எழுதியுள்ள,
(ஒப்பம்) ஹா. ஷமா