நன்றிப் பட்டியலில் உன் பெயர் இல்லை, ஜெபா

என் தங்கமே, வம்புக்காரி ஜெபா,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்குத் தலை வெடித்துவிடும். நம் கிருமி நிறம் மாறிவிட்டதடி! நீலம்! நீ அடம்பிடித்துக் கேட்ட ரோஸ் இல்லை, நல்ல பளிச்சென்ற நீலம். திட்டாதே. ரோஸைக் கெடுத்தது உங்கம்மா.

இந்தக் கடிதம் கல்லூரி மலரில் வரப்போகிறது. உதவியவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு பக்கம் எழுது என்றார்கள். எனக்கு உன்னிடம் சொல்லத்தான் வருகிறது. அதனால் நம்மைத் தெரியாதவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொண்டே போகிறேன், பொறுத்துக்கொள்.

நீ சித்திரபுரம் பக்கத்து எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசைவீடான லயத்துப் பெண். நான் நல்லேப்பிள்ளி வயல்காட்டுக்காரி. பாலக்காட்டில் ஒரே ஹாஸ்டல் அறை. இரண்டாம் ஆண்டில் ஒருநாள் நோட்டைத் திறந்து படம் போட்டாய். ஒரு பாக்டீரியாவின் மரபணுவைத் திருத்தி, தண்ணீரில் பூச்சிமருந்து இருந்தால் ரோஸ் நிறமாக மாறும்படி செய்யலாம் என்றாய். "எங்க லயத்துக்கு மேல ஏலத்தோட்டம், கீழ ஓடை. குடிக்கலாமா கூடாதான்னு தண்ணியே சொல்லணும், ஏட்டி" என்றாய். ஏழு பேர் சேர்ந்தோம்.

பிறகு உனக்கு மூன்று நாள் காய்ச்சல். நான் ஊரிலிருந்து ஓடி வருவதற்குள் நீ இல்லை. அதற்குமேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். இன்றைக்கு அழுகிற நாள் இல்லை.

ஆறு பேராகத்தான் தொடர்ந்தோம். கல்லூரிகளுக்கான அறிவியல் போட்டிக்கு விண்ணப்பம் நிரப்பும்போது சண்டை வந்தது. உறுப்பினர் பட்டியலில் இப்போது படிக்கிறவர்கள் பெயர்தான் போடலாமாம். "ஜெபாவை நன்றிப் பக்கத்தில் முதல் பெயராகப் போட்டுவிடலாம்" என்றார் நமக்கு வழிகாட்டிய மேடம். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் சுர்ரென்று ஏறிவிட்டது.

"நன்றி வெளியாளுக்குச் சொல்றதுங்க, மேடம். ஊட்டாளுக்கு ஆராச்சும் நன்றி சொல்லுவாங்களா?" என்று கத்திவிட்டேன். பிறகு மேடமே போட்டிக்காரர்களுக்கு எழுதினார். அவளுடைய நோட்டைக் கொண்டு வாருங்கள், நடுவர்கள் பார்த்து முடிவு செய்வார்கள் என்று பதில் வந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலை. கிருமி ஜெயிக்கிறதோ இல்லையோ, நீ ஏழாவது ஆளாக இருக்க வேண்டும்.

வேலைக்கு வருகிறேன். கிருமி வளர்க்கிற குடுவைகளைக் குலுக்கும் எந்திரம் பாதியில் நின்றுவிட்டது. கஞ்சிக்கோட்டில் ஒரு பட்டறைக்காரர் அதைப் பிரித்துப்போட்டு, எங்கிருந்தோ ஒரு பெல்ட்டைத் தேடிப் பிடித்து மாட்டி ஓடவைத்தார். "உள்ளே என்ன வளர்க்கிறீங்க?" என்று கேட்டார். கிருமி என்றதும் கையை மூன்று தடவை கழுவினார். ஆனால் மறுவாரமும் வந்து, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

உங்கம்மாவிடம் போனில் சொன்னேன், "உங்க லயத்துல நீங்க குடிக்கிற தண்ணி வேணுமுங்க, பத்து ஊட்டுலயும்." காலிப் பாட்டில்களை ஐஸ்பெட்டியில் வைத்து அனுப்பினோம். திரும்பி வந்த ஐஸ்பெட்டியை உடுமலை வழியாக வரும் பஸ்ஸின் கண்டக்டர் தன் சீட்டில் வைத்துவிட்டு, வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தாராம். எங்கப்பா போய் வாங்கி வந்தார்.

வெளிச்சம் படாமல் பாட்டில்களைக் காகிதத்தில் சுற்றியிருந்தார்கள். அவசரத்தில் பாட்டிலைப் பார்க்காமலே சாம்பிளை எடுத்துக் கிருமியோடு சேர்த்து மூடிவைத்தோம். மதியம் திறந்தால் பத்துச் சோதனைக்குழாயும் ரோஸ்! அடியேய், நாங்கள் குதித்த குதி! மேடம் ஓடி வந்தார். அமைதியாக ஒரு பாட்டிலின் காகிதத்தைப் பிரித்தார். தண்ணீரே ரோஸ்.

உங்கம்மாவுக்குப் போன் போட்டேன்.

"குடிக்கிற தண்ணியத்தான கேட்டிய? ஓடைத் தண்ணிய அப்படியேவா குடிப்போம்? பதிமுகம் போட்டு, கொதிக்கவச்சி, ஆத்தி, வடிகட்டித் தந்தோம். பிள்ளையளுக்குக் குடுத்துவிடுத தண்ணில்லா!"

பத்து வீடும் அப்படியே! பாலக்காட்டில் எந்த ஓட்டலில் உட்கார்ந்தாலும் மரச்சீவல் போட்டு ரோஸான அந்தப் பதிமுகத் தண்ணீரைத்தான் டம்ளரில் ஊற்றுகிறான். நாமும் தினம் மடக்மடக்கென்று குடிக்கிறோம். ஆறு பேரில் ஒருத்தருக்கும் மண்டையில் உறைக்கவில்லை. முதலில் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகுதான் யோசித்தேன். உங்கம்மா சொன்னதில் என்ன தப்பு? வயிற்றுக்குள் போவது அந்தத் தண்ணீர்தானே? அதில் தெரியாத ரோஸ் யாருக்கு வேண்டும்?

அதனால் நீலத்துக்கு மாறினோம். புதிய மரபணுவுக்கு ஆர்டர் சொல்லி, வந்ததும் முதலிலிருந்து எல்லாம். பூச்சிமருந்தை அளந்து கலந்த பதிமுகத் தண்ணீர் நீலமானபோது நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்கம்மா வீட்டுத் தண்ணீர் நீலமாகவில்லை, ஜெபா. இந்த ஒரு மருந்துக்கு மட்டும்தான் சொல்ல முடியும், இருந்தாலும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

போட்டி கொச்சியில். உங்கம்மாவையும் வரச் சொல்லியிருந்தோம். எங்கள் வேலையை விளக்கி முடித்ததும் நான்தான் நன்றி வாசித்தேன். பட்டறைக்காரர், கண்டக்டர், மேடம், எங்கப்பா, அந்தப் பத்து வீட்டு அம்மாமார்கள், ஒவ்வொரு பெயராக. உன் பெயரை வாசிக்கவில்லை. மூன்றாவது வரிசையில் உங்கம்மாவின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். இறங்கிப் போய்ச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. என்னவென்று சொல்வேன்? நடுவர்கள் என்ன முடிவு செய்வார்கள் என்று எனக்கே தெரியாதே?

நடுவர் உன் நோட்டைப் புரட்டினார். "இதில் ரோஸ் என்று இருக்கிறது. நீங்கள் செய்தது நீலம். பிறகு இது எப்படி இவருடைய வேலை?" என்று கேட்டார்.

"நெறம்தானுங்க மாறுச்சு. கேள்வி அவளுதுங்க" என்றேன். அவர் நோட்டை மூடினார்.

சாயங்காலம் நமக்கு வெள்ளிப் பதக்கம் என்று அறிவித்தார்கள். சான்றிதழ் வாங்க ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். ஆறு பேரும் மேடையில் நின்றோம். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மேடையில் இருந்தவர் இன்னொரு தாளை எடுத்தார்.

"ஜெபராணி."

யார் போய் வாங்குவது என்று நாங்கள் யோசித்தே வைக்கவில்லை. மூன்றாவது வரிசையில் உங்கம்மா எழுந்தார். சேலையைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் நேராகப் படியேறி வந்தார்.

"டீம் மெம்பராணோ?" என்று தாளை வைத்திருந்தவர் மலையாளத்தில் கேட்டார்.

"அவ வரலை சார். நான் அவ அம்மா. எங்க கையெழுத்துப் போடணும்?"

கையெழுத்து எதுவும் வேண்டியதில்லை என்று சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு வெள்ளைத்தாளைத் திருப்பி நீட்டினார். உங்கம்மா குனிந்து, நிறுத்தி நிதானமாக எழுதினார். எட்டிப் பார்த்தேன். உன் பெயரைத்தான் எழுதியிருந்தார்.

அடுத்த விடுமுறைக்கு நாங்கள் ஆறு பேரும் லயத்துக்குப் போகிறோம். அங்கே பெண்கள் தாங்களே செய்துபார்க்கும்படி இதை எளிதாக்காமல் விடமாட்டேன். இது உன் மேல் சத்தியம், ஜெபா.

உங்கம்மாவிடம் இப்போது உன் பங்குத் திட்டையும் சேர்த்து வாங்குகிற,
உன் நல்லேப்பிள்ளித் தங்கச்சி,
மேகலா