ஒன்றரை மில்லிமீட்டர் பள்ளம்

ஜூன் 3

வெளிநாட்டுக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரும், இந்த வீட்டு டிவி ரிமோட்டின் முன்னாள் சொந்தக்காரருமான அண்ணன் அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் "ஏதோ இருக்கேன்" என்று அரைப் பக்கத்துக்குப் பெருமூச்சு விடுவாய்.

பார்சல் வந்தது. தங்கையின் பதினாறாவது பிறந்தநாளுக்கு பிளாஸ்டிக் கார் கிட் அனுப்பிய ஒரே அண்ணன் நீயாகத்தான் இருப்பாய். மற்ற அண்ணன்கள் கைக்கடிகாரம் அனுப்புகிறார்களாம். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், பெட்டி மேல் இருந்த படத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். நம் கார்! இருபத்திரண்டு வருடமாக அப்பா ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த அதே கார், நூற்றுப்பத்துத் துண்டுகளாக.

உடனே ஒரு திட்டம் போட்டேன். ஆகஸ்ட் கடைசியோடு அப்பா டிரைவிங் ஸ்கூலை மூடுகிறார். முட்டி ஒத்துழைக்கவில்லை. செப்டம்பரில் பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து காரை எடுத்துப்போவார். அதற்குள் இந்த மாடலை அச்சு அசலாக நம் காராகவே மாற்றி, கடைசி வகுப்பு அன்று அப்பா கையில் கொடுக்க வேண்டும். ரகசியம். அதனால்தான் கடிதம். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே ஒலிபரப்புவாள். அப்பா போனை எடுத்தாலோ உனக்கு உடனே சிக்னல் போய்விடும். மூன்று வருடமாக அதே கோளாறு. உன் கம்பெனி டவரை மாற்றச் சொல்.

இப்போது புகார்ப் பட்டியல். இந்தக் கிட்டைச் செய்தவர்கள் நம் காரைக் கண்ணாலும் பார்த்ததில்லை. முன்பக்கக் கம்பிவலையில் ஐந்து பட்டை, நமக்கு நாலுதான். கூரை இஸ்திரி போட்ட மாதிரி தட்டையாக இருக்கிறது. சக்கரம் பெரிது. வண்டி ரேஸுக்குப் போவது போலத் தரையோடு படுத்திருக்கிறது. நம் கார் எழுந்து நின்று கொட்டாவி விடும் ரகம் அல்லவா? எல்லாவற்றையும்விடப் பெரிய அநியாயம், அப்பா உட்காரும் பக்கம் பிரேக்கும் கிளட்சும் இல்லை. அது இல்லாத கார் என்ன கார்?

மாடல் அளவு இருபத்துநாலில் ஒன்று. அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக் காரை அளக்கிறேன், வந்ததை இருபத்துநாலால் வகுக்கிறேன். கை பழகிவிட்டது. நேற்று உன் புத்தியை வகுத்துப் பார்த்தேன், பூதக்கண்ணாடி தேவைப்பட்டது.

உனக்கு ஞாபகம் இருப்பதையெல்லாம் எழுதி அனுப்பு. பின்சீட் உன் ராஜ்யம்.

இரண்டு விரல் பசையில் ஒட்டியும் பாசத்தில் ஒட்டாத,
தங்கை


ஜூன் 20

வாலுக்கு,

கடிதத்தை என் அறைத்தோழன் பறித்துப் படித்துவிட்டு, "இந்தப் பொண்ண இங்க வரவிட்டுடாதடா" என்கிறான். உன் புகழ் கடல் கடந்துவிட்டது.

அந்தக் கிட்டை ஒரு கடையின் கண்ணாடிக்குள் பார்த்தேன். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பஸ் போய்விட்டது, நான் ஏறவில்லை. மூன்றாவது பஸ்ஸில் பெட்டியோடு ஏறினேன்.

ஞாபகம் கேட்டாய். பின்சீட்டில் என் பக்கத்துக் கண்ணாடி பாதிதான் இறங்கும். ஆடாமல் இருக்க அப்பா மடித்துச் செருகிய சிகரெட் அட்டை ஒன்று அங்கேயே இருக்கும். சீட்டுத் தையல் பிரிந்த இடத்தில் உன் பென்சில்களை ஒளித்துவைப்பேன். ஏழாவது பென்சிலுக்கு நீ என்னைக் கடித்தாய், தழும்பு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வெளியே போனால் அம்மாதான் ஓட்டுவாள். அப்பா பழக்கதோஷத்தில் தன் பக்கத்து சீட்டில்தான் உட்காருவார். அம்மா வேகம் எடுக்கும்போதெல்லாம் சத்தமில்லாமல் தன் பிரேக்கை மிதிப்பார். "நான் ஓட்டறேனா, நீங்க ஓட்டறீங்களா?" என்று அம்மா கேட்பாள். "நீதான்மா ஓட்டறே, நான் நிறுத்தறேன்" என்பார். கூரைமேல் பலகையில் "பொறுமை! உள்ளே ஒருவர் கற்றுக்கொள்கிறார்" என்று சிவப்பு எழுத்து இருக்கும். 'பொறுமை'க்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறியை மறந்துவிடாதே.

ஒன்று மட்டும் கேள். பின்பக்க மூலையில் இருக்கும் பள்ளத்தை விட்டுவிடு. மாடலாவது முழுசாக இருக்கட்டும்.

அண்ணன்


ஜூலை 8

கடிபட்ட அண்ணனுக்கு,

லீவு நாளில் அப்பா மதியம் தூங்கும் ஒரு மணி நேரம்தான் என் ஆபீஸ் நேரம். வேலை ஜோராக நடக்கிறது. ஐந்தாவது பட்டையைச் சீவி எடுத்துவிட்டேன். கூரைக்கு மேல் பள்ளம் அடைக்கும் புட்டிப் பசை தடவி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து முதுகு வளைவைக் கொண்டுவந்தேன். அப்பாவின் இரண்டு மிதியும் ஸ்டேப்ளர் பின்னில் தயார். தும்மினால் காணாமல் போகும், ஏற்கெனவே இரண்டு தடவை போனது. ஆச்சரியக்குறிக்கு ஒற்றை முடி பிரஷ். உன் அட்டைத் துண்டும் அதே இடத்தில் இருக்கிறது, கொசுவின் விசிட்டிங் கார்டு அளவில்.

ஒரு கண்டுபிடிப்பு. நம் கார் நேராக நிற்கவில்லை. அப்பா உட்காரும் பக்கம் 2.4 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. ஓட்டுகிறவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அவர் மட்டும் இருபத்திரண்டு வருடமும் அதே சீட்டில். மாடலில் அது ஒரே ஒரு மில்லிமீட்டர். அந்தப் பக்கத்து அச்சை அரத்தால் ராவி இறக்கினேன். அவ்வளவுதான், அதுவரை பொம்மையாக இருந்தது சட்டென்று நம் காராகிவிட்டது. காலி சீட்டில் அப்பா உட்கார்ந்திருக்கிற மாதிரி எனக்கே ஒரு நிமிஷம் தோன்றியது.

கீறல்களுக்கும் ஆள்வாரியாகக் கதை கேட்டு எழுதிக்கொண்டேன். கதவில் இருப்பது வங்கிக் காசாளர். முன்விளக்கு பல் டாக்டர் பிடுங்கியது. "வலிக்காம எடுத்தார்" என்கிறார் அப்பா.

இப்போது பள்ளம். உன் பேச்சைக் கேட்டு எப்போது நான் எதை விட்டிருக்கிறேன்?

பின்பக்கம் அளக்க இடம் போதவில்லை. கொல்லையில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இருந்த பழைய டிரம்மை நகர்த்தினேன். தொட்டியின் சிமெண்ட் முனை உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருந்தது. டிக்கிக்குள் வெயில் படாத இடத்தைப் பார்த்து மாடலுக்கு நான் கலந்த மஞ்சள் கையில் இருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே மஞ்சள்.

பள்ளம் தரையிலிருந்து 48 சென்டிமீட்டர். தொட்டி முனை 48. பள்ளிக்கூடம் போகும் வழியில் லாரி ஷெட்டுக்குள் நுழைந்து, அன்று இடித்ததாக நீ சொன்ன லாரி மாமாவின் வண்டியையும் அளந்தேன். பின்பக்கச் சட்டம் 72. அது இடித்திருந்தால் டிக்கி மூடியல்லவா நசுங்கியிருக்கும்?

எனக்கு அப்போது பதினொரு வயது, ஆனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ மூச்சிரைக்க ஓடிவந்து, "லாரி மாமா ரிவர்ஸ்ல இடிச்சிட்டு நிக்காமப் போயிட்டாருப்பா" என்றாய். அப்பா போய்க் கேட்டார். மாமா "நான் இடிக்கலையே" என்றார். அதோடு முடிந்தது. தினமும் சாயந்திரம் நம் வாசலில் நின்ற லாரி, அந்த இரட்டை ஹாரன், இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து குடித்த டீ எல்லாம் போனது. இப்போதும் அப்பா சொல்கிறார்: "இடிச்சதுகூடப் பரவாயில்ல. இடிக்கலைன்னு என் முகத்தப் பார்த்துச் சொன்னான் பாரு."

கேள்வி ஒன்றுதான் அண்ணா. பள்ளத்தை எப்படிச் செதுக்கட்டும்? லாரி இடித்த மாதிரியா, தொட்டி இடித்த மாதிரியா?

தங்கை


ஜூலை 23

உன்னைப் பொம்மைக் கார் செய்யச் சொன்னால் நீ போலீஸ் வேலை பார்க்கிறாய். ஐந்து வருடத்துக்கு முந்தின கதை. எல்லோரும் மறந்துவிட்டார்கள். புட்டியை வைத்து மூடு. உனக்குப் பரீட்சை இல்லையா?

அண்ணன்


ஆகஸ்ட் 4

அண்ணா,

இந்தக் கடிதத்தில் ஜோக் இல்லை, தேடாதே.

எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்கிறாய். போன தடவை ஒன்று எழுதாமல் விட்டேன். ஷெட்டில் நான் குனிந்து அளந்துகொண்டிருந்தபோது லாரி மாமா பின்னால் வந்து நின்றார். "என்னம்மா, என் வண்டிக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்றார். டேப்பின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார். எதற்கு அளக்கிறாய் என்று கேட்கவே இல்லை. எழுந்து கிளம்பும்போது, "அப்பாவுக்கு முட்டி எப்படி இருக்கு? மாடிப்படி வேண்டாம்னு சொல்லு" என்றார். அப்பாவுக்கு முட்டி வலி என்று நான் சொல்லவில்லை. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

கடைசி வகுப்புக்கு அப்பா பழைய மாணவர்கள் பேரையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். நாற்பத்தொரு பேர். அந்தத் தாளில் லாரி மாமா இல்லை.

அப்பாவிடம் நான் சொல்லப்போவதில்லை. நான் சொன்னால் அது கோள். நீ சொன்னால் அது வேறு. மாடல் முடிந்துவிட்டது, அந்த ஒரு மூலையைத் தவிர. புட்டியும் வைக்கவில்லை, கத்தியும் வைக்கவில்லை. அப்படியே வைத்திருக்கிறேன்.

தங்கை


ஆகஸ்ட் 15

வாலுக்கு,

மூன்று நாளில் நாலு தாள் கிழித்தேன். இது ஐந்தாவது.

அன்று அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பதினேழு. ஊருக்கே கற்றுக்கொடுக்கிறவர் எனக்கு மட்டும், "நீ இன்னும் கண்ணாடி பார்க்கக் கத்துக்கல, அப்புறம் பார்க்கலாம்" என்று ஆறு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். கொல்லையிலிருந்து வாசல்வரை தனியாக ஓட்டிக் காட்டிவிட நினைத்தேன். முன்னால் போகவேண்டிய வண்டி பின்னால் போனது. என் பக்கம் பிரேக் இருந்தது தெரியும், கால்தான் ஆக்சிலேட்டரில் இருந்தது. பக்கத்து சீட்டில் அப்பா இல்லை. உடைந்த தொட்டி முனையை டிரம்மால் மறைத்துவிட்டு, வண்டியை எப்படியோ வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

ஏன் லாரி மாமா பேரைச் சொன்னேன் தெரியுமா? அப்பா கோபித்துக்கொள்ளவே முடியாத ஆள் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான் என்று நினைத்தேன். சிரித்துவிட்டு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அப்பாவும் சிரித்துக்கொண்டேதான் கேட்கப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். ஒரு வாரம் ஆனது. பிறகு ஒவ்வொரு நாளும் சொல்லவேண்டிய விஷயம் பெரிதாகிக்கொண்டே போனது. அவர் குரல் போனில் கேட்டால் என்னால் முடியவில்லை.

இங்கே நாள் முழுக்க ரிவர்ஸ்தான் எடுக்கிறேன். ஒரு கீறல்கூட இல்லை. மேலாளர் பாராட்டுகிறார்.

அப்பாவுக்கு இதோடு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், ஒட்டியிருக்கிறது. கொடுத்துவிடு. நீ அங்கே நிற்காதே.

பள்ளத்தைத் தொட்டி இடித்த மாதிரியே செதுக்கு. செங்குத்தாக, முனை பட்ட இடத்தில் ஆழமாக. உள்ளே 3.6 சென்டிமீட்டர் போனது. அன்றைக்கே ஸ்கேலால் அளந்து பார்த்தேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 31

அண்ணாவுக்கு,

3.6 என்றால் ஒன்றரை மில்லிமீட்டர். செதுக்கிவிட்டேன். இனி வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே பேசாதே.

உன் கடிதத்தை அப்பா காருக்குள் உட்கார்ந்து படித்தார், தன் சீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு. நான் அங்கே நிற்கவில்லை, ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். ரொம்ப நேரம் கழித்து இறங்கி, "டேப்ப எடுத்துட்டு வா" என்றார். உன் கடிதத்தில் அளந்த கதையையும் எழுதியிருக்கிறாய், பாவி! தொட்டியை அவரே அளந்தார். பள்ளத்தை அளந்தார். திரும்பவும் தொட்டியை அளந்தார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு லாரி மாமா வீட்டுக்கு நடந்தார். நான் பத்தடி பின்னால் போனேன், போகாதே என்று யாரும் சொல்லவில்லை.

மாமா கதவைத் திறந்தார். அப்பா, "இடிச்சது நீ இல்ல" என்றார்.

"அது எனக்குத் தெரியுமே" என்றார் மாமா. "உனக்குத் தெரியத்தான் அஞ்சு வருஷம் ஆயிருக்கு."

"பையன்தான் இடிச்சான்."

மாமா கதவைச் சாத்தவும் இல்லை, உள்ளே வா என்று கூப்பிடவும் இல்லை. அப்பா படியில் நின்றுகொண்டே இருந்தார், ஒரு காலை மாற்றி மறு காலில். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாமா உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வெளியே போட்டார். "முட்டியோட நிக்காதே" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் உள்ளே போய்விட்டார். அப்பா இருட்டும்வரை அதில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

நேற்று கடைசி வகுப்பு. முப்பத்தாறு பேர் வந்தார்கள். பல் டாக்டர் அழுதார். காசாளர் கதவைத் தடவிக் கொடுத்தார். தாளில் நாற்பத்திரண்டாவதாக ஒரு பேர் எழுதியிருந்தது, அந்த ஆள் வரவில்லை. எல்லோரும் போனபிறகு மாடலைக் கொடுத்தேன். அப்பா அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, சாய்ந்திருக்கும் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார். "இவ்வளவு குண்டாவா இருக்கேன்?" என்றார். நகத்தால் தன் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். பின்பக்கத்துக்கு வந்ததும் கட்டைவிரலை அந்த மூலையில் வைத்தார், எடுக்கவே இல்லை.

உன்மேல் கோபமா என்று கேட்டேன். அப்படியே மாடலோடு எழுந்து உள்ளே போய்விட்டார். அதனால் எனக்கு என்ன எழுதுவதென்று தெ

மகனுக்கு,

இவள் எழுதிக்கொண்டிருந்ததை வாங்கிக்கொண்டேன். மீதியை நான் எழுதுகிறேன்.

உன் கடிதம் எனக்குப் போதும். அவனுக்குப் போதாது. நேற்று அவன் வராதது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. நீ வந்து அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் இருப்பேன், பேச மாட்டேன்.

லீவு எப்போது கிடைக்கும் என்று எழுது. பழைய இரும்புக்காரரை இப்போது வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ வரும்வரை வண்டி இங்கேயே நிற்கும்.

அப்பா