பெஹாலா எந்தப் பக்கம்?

இன்று சாயங்காலம் லேக் மார்க்கெட் முனையில் ஒருவர் பெஹாலாவுக்கு எப்படிப் போவது என்று பான் கடைக்காரரிடம் கேட்டார். கடைக்காரர் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்றவர் டிராம் என்றார். இன்னொருவர் மினிபஸ் என்றார். காய்கறிப் பையோடு போய்க்கொண்டிருந்த பெரியவர் பையைத் தரையில் வைத்துவிட்டு, அந்த வழியில் போனால் விடிந்துவிடும் என்று இருவரையும் கோபித்துக்கொண்டார். வழி கேட்டவர் போன பிறகும் சண்டை ஓயவில்லை. உங்கள் அப்பா கடையிலிருந்து பகோடா பொரியும் வாசம் வேறு. நின்று சிரித்தேன். இதை உன்னிடம் போய்ச் சொல்ல முடியாது என்று உறைத்ததும் கண் நிறைந்துவிட்டது.

பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த அன்று முதல்வர் உன்னை என்னிடம் ஒப்படைத்தார். "நீயும் மதராஸி, அவளும் மதராஸி. பார்த்துக்கொள்." கண் தெரியாத பெண் ஆசிரியையாக வந்து நிற்கிறாளே என்ற கலவரத்தில் அவருக்குத் தோன்றிய ஒரே வழி அதுதான். நானும் பொறுப்பாக உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ அசையவில்லை.

"ஏட்டி, கையை விடு. நீ என்னைப் பிடிக்கக் கூடாது. நாந்தான் உன்னைப் பிடிச்சுக்கிடணும்."

பேங்க் ஆபீசர் மகளான என்னை முறுக்குக் கடைக்காரர் மகள் அதட்டுகிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கோபம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. டிராமில் நான் பாடத்தை வாசிக்க வாசிக்க, நீ என் வங்காள உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே வருவாய். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். கரண்ட் போனால் உனக்குத்தான் கொண்டாட்டம் என்று யாராவது கேலி செய்துவிட்டால் மட்டும் உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "இருட்டு வந்தாத்தான் எனக்கு மதிப்பா?" என்பாய்.

பயிற்சி முடிவில் ஒரு வகுப்பைத் தேர்வாளர் முன்னால் நடத்திக் காட்ட வேண்டும். அதில் கரும்பலகை வேலைக்குத் தனி மதிப்பெண். பேராசிரியர் ஒருவர் நல்ல மனதோடுதான் யோசனை சொன்னார்: உனக்கு மட்டும் கரும்பலகையை விட்டுவிடலாம், சான்றிதழில் விலக்கு என்று குறித்துவிடலாம். நான் அவருக்கு நன்றிகூடச் சொல்லிவிட்டேன். நீ வேண்டாம் என்றாய். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"விலக்குன்னு எழுதின தாளை வச்சுக்கிட்டு எந்த ஸ்கூல் படியை மிதிக்க? பாதி டீச்சர்னுல்லா நெனப்பாவ. ஒருத்தனும் வேலை தர மாட்டான்."

"தோத்துப் போனா அந்தத் தாளும் கிடைக்காதேடி!"

"கிடைக்கலைன்னா முறுக்குச் சுத்துதேன். நீ வந்து வாங்கிக்கோ."

தேர்வன்று ஏழாம் வகுப்புப் பெண்கள். நமது நகரமும் ஆறும் என்பது பாடம். கடைசி பெஞ்சில் தேர்வாளர், பெரிய மீசை, முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. பக்கத்தில் நான். நீ சாக்கட்டியை முதல் வரிசைப் பெண்ணிடம் கொடுத்து, வடக்கிலிருந்து ஆற்றைப் போடச் சொன்னாய். சரியாகப் போட்டிருக்கிறாளா என்று வகுப்பைக் கேட்டாய். கேட்டாக வேண்டும், உனக்கு வேறு வழியில்லை. அதனாலேயே அத்தனை பேரும் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒருத்தி ஹௌராவை வைத்தாள், ஒருத்தி டாலிகஞ்சையும் கால்வாயையும் வைத்தாள். அடுத்து வந்தவள் பெஹாலாவைக் கொண்டுபோய் டாலிகஞ்சுக்குக் கிழக்கே வைத்துவிட்டாள்.

"நா தீதி, நா!" இல்லை அக்கா, இல்லை என்று வகுப்பே எழுந்துவிட்டது. ஏன் தப்பு, விளக்கிச் சொல்லுங்கள் என்று நீ கையைக் கட்டிக்கொண்டாய். ஆளுக்கொரு வழி சொன்னார்கள், யாருக்கும் நிரூபிக்கத் தெரியவில்லை. என் பக்கத்துப் பெஞ்ச் கிரீச்சிட்டது. தேர்வாளருக்கு வீடே பெஹாலாவில். அவரும் இந்த ஊர்க்காரர்தானே, எத்தனை நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருப்பார்? விறுவிறுவென்று போய்ச் சாக்கட்டியை வாங்கி, பெஹாலாவை அழித்துக் கால்வாய்க்கு மேற்கே போட்டார். அதோடு விட்டாரா? டிராம் டிப்போ, மீன் சந்தை, கடைசியில் தன் வீடு. அப்புறம்தான் தான் யார் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. சாக்கட்டியைச் சட்டென்று கீழே வைத்தார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

வெளியே வந்து, "பலகையில் பாதி வேலை நான் செய்தது. அதனால் பாதி மதிப்பெண் எனக்கு, மீதி உனக்கு" என்றார். உங்களை எழுந்து வர வைத்தது யார் என்று நீ மல்லுக்கு நின்றுவிடப் போகிறாயே என்று உன் காலை மிதித்தேன். தேறினாய். தாளில் விலக்கும் இல்லை, சலுகையும் இல்லை. டிராமில் ஏறியதும், "வீட்டை எவ்வளவு பெரிசா போட்டாரு?" என்று கேட்டாய். கங்கையைவிடப் பெரிசு என்றேன். டாலிகஞ்ச் வரை சிரித்துக்கொண்டே வந்தாய்.

பிறகு ஒரே பள்ளியில் இருவருக்கும் வேலை. நீ காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்காமலே போய்விட்ட பிறகு உன் இடம் காலியாகக் கிடந்தது. போன வாரம்தான் ஆள் வந்திருக்கிறது. புருலியா பக்கத்துச் சந்தாலிப் பழங்குடிப் பெண், வங்காளம் கொஞ்சம் தடுமாறுகிறது. ஆசிரியர் கூட்டத்தில் எல்லோரும் அவளுக்காகப் பரிதாபப்பட்டார்கள். பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள், பாவம், தையல் வகுப்பும் உடற்பயிற்சியும் போதும் என்று முடிவாகிக்கொண்டிருந்தது. அவள் மேசைக் கோடியில் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

நான் எழுந்துவிட்டேன். "அந்தப் பெண் இங்கேதானே இருக்கிறாள்? அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளே சொல்லட்டும்" என்றேன். தலைமையாசிரியை முகம் சிவந்தது. அந்தப் பெண் மெதுவாக, கணக்கு வேண்டும் என்றாள். கணக்கே கொடுத்தார்கள்.

உட்கார்ந்த பிறகு பார்க்கிறேன், என் கை நடுங்கிக்கொண்டிருந்தது, தண்ணீர் டம்ளரைக்கூட எடுக்க முடியவில்லை. உனக்குப் பயமே கிடையாது என்று இத்தனை வருஷமும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே. உனக்கும் இப்படித்தான் நடுங்கியதா? சொல்லவே இல்லையே நீ.