இறுக்கிய மூடி

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மறக்காமல் மருந்து தடவுகிறாளா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஞாயிறன்று பேராசிரியர் வீட்டில் விருந்து. ஆய்வகத்தில் நான் கையாளும் திரவ நைட்ரஜனை ஊற்றினால் பால் கண்ணெதிரே உறைந்து ஐஸ்கிரீம் ஆகிவிடும். அதைச் செய்யத்தான் என்னை அழைத்தார். எல்லோரும் கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, நான் சமையலறையில் கிண்டினேன். புகை அடங்குவதற்குள் அவர் மனைவி கொஞ்சம் அள்ளி ஒரு டப்பாவில் போட்டு இறுக்கி மூடினார். மிச்ச நைட்ரஜன் உள்ளே வாயுவாகப் பெருகினால் டப்பா வெடிக்கும். பிடுங்கித் திறந்துவிட்டேன்.

“என் கையிலேர்ந்தே பிடுங்குறியா? ஐஸ்கிரீமையே பாத்ததில்லையா நீ?” என்றார், கூடத்துக்கே கேட்கும்படி. கூடமே சிரித்தது. மூடினால் வெடிக்கும் என்று எங்களுக்குப் பாடம் நடத்திய பேராசிரியரும், சமையலறை வாசலில் நின்று எல்லாம் பார்த்தவர், சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்று காலை கூப்பிட்டு, “மேடம்கிட்ட ஒரு சாரி சொல்லிடும்மா. உன் வேலையை நீட்டிக்கிறதை அப்புறம் பேசலாம்” என்றார்.

“அது ஏன் வெடிக்கும்னு நீங்க முதல்ல அவங்களுக்குச் சொல்லுங்க சார்” என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

கவலைப்படாதீர்கள், வேறு இடம் தேடுகிறேன். பருத்திக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். போனில் பேசும்போது டிவியை அணைக்காதீர்கள், அந்தச் சத்தமும் கேட்கட்டும். மேசையைக் காலி செய்ய அட்டைப்பெட்டியோடு ஆள் வந்து நிற்கிறார், முடிக்கிறேன்.

சாரி சொல்லவில்லை அப்பா.

உங்கள் மகள்